தோற்றவர் எழுந்து போகாத ஆட்டம்

காசு போட்டு வீடியோ கேம் ஆடும் ஆர்கேட் கூடங்களின் காலத்தில் எழுதப்படாத விதி ஒன்று இருந்தது. ஜெயித்தவர் இயந்திரத்தை விட்டு நகர வேண்டியதில்லை. தோற்றவர்தான் எழுந்து வழிவிட வேண்டும், இல்லையென்றால் இன்னொரு காசு போட வேண்டும். 1991-இல் கேப்காம் வெளியிட்ட, இருவர் நேருக்கு நேர் மோதும் ‘ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2’ உலகம் முழுக்கக் காசை அள்ளியது இந்த ஏற்பாட்டில்தான். கொஞ்சம் யோசித்தால், குவிந்த காசில் பெரும்பகுதி தோற்றவர்களுடையது. கெட்டிக்காரர் ஒருவர் ஒரே காசில் ஒரு மணி நேரம் ஆடிக்கொண்டிருப்பார். அவரிடம் வரிசையாக வந்து அடி வாங்கியவர்களால்தான் இயந்திரத்துக்குச் சொந்தக்காரர் பிழைத்தார்.

ஒரு ஃபைட்டிங் கேம் ஏன் முப்பது வருடம் நிற்கிறது, இன்னொன்று ஏன் ஆறு மாதத்தில் ஆளில்லாமல் காய்கிறது என்று கேட்டால், நான் அந்தத் தோற்றவரைத்தான் முதலில் பார்ப்பேன். கிராஃபிக்ஸ், டிரெய்லர், பரிசுத் தொகை எல்லாம் ஆளை உள்ளே கூட்டிவரும். உள்ளே வந்தவர் முதல் நாளே பத்து ஆட்டம் தோற்பார். பதினோராவது ஆட்டத்துக்கு அவரை உட்கார வைப்பது எது? ஐந்து பேர் அணியாக ஆடும் கேமில் தோற்றால் மற்ற நால்வர் தலையில் பழியைப் போடலாம். சீட்டாட்டத்தில் கை சரியில்லை என்று சொல்லிக்கொள்ளலாம். இங்கே அந்த வசதி கிடையாது. எதிரே ஒருவர், இந்தப் பக்கம் நீங்கள், அவ்வளவுதான். அதனால் தோல்வி சுடும். அந்தச் சூட்டோடு கூடவே ‘அட, இதைத்தானே தப்பாகச் செய்தோம்’ என்ற நினைப்பும் வந்தால் கை தானாக அடுத்த ஆட்டத்துக்குப் போகும். அந்த நினைப்பு வராவிட்டால் கேமை அழித்துவிட்டுப் போய்விடுவார்.

ஸ்ட்ரீட் ஃபைட்டரிலிருந்தே ஒரு சின்னக் காட்சி. ரியூ என்ற வீரர் திரையின் ஓரத்தில் நின்றுகொண்டு ஹடோகென் என்ற சக்திப் பந்தை வீசிக்கொண்டே இருக்கிறார். தடுத்தால் உயிர்க்கோடு கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்கிறது. தாண்டிக் குதித்தால், இறங்கும் இடத்தில் ஷோர்யூகென் என்ற மேல்குத்து காத்திருக்கிறது. தடுத்தாலும் அடி, குதித்தாலும் அடி. புதிதாக ஆடுபவர் ‘இது என்ன அநியாயம்’ என்பார். நாலைந்து முறை விழுந்த பிறகு ஒன்று கண்ணில் படும்: பந்தை விட்ட பிறகும் ரியூவின் கைகள் ஒரு கணம் நீட்டியபடியே நிற்கின்றன. பந்து கிட்டே வந்த பிறகு குதித்தால் அதற்குள் ரியூ தயாராகிவிடுவார். அவர் வீசும் அதே கணத்தில் குதித்திருந்தால், கையை மடக்குவதற்குள் தலையில் உதை விழுந்திருக்கும். ஆக, பந்தைப் பார்த்துக் குதிக்கக் கூடாது, பந்தை வீசப்போகும் ஆளைப் படித்துக் குதிக்க வேண்டும். சரி, அடுத்த ஆட்டத்தில் அப்படியே செய்கிறார், பலிக்கிறது. அதற்கடுத்த ஆட்டத்தில் ரியூவை ஆடுபவரும் விழித்துக்கொள்கிறார். வீசுவதுபோல் கொஞ்சம் அசைந்துவிட்டு வீசாமல் நிற்கிறார். நம் ஆள் வெறுங்காற்றில் குதித்து நேராக மேல்குத்தில் போய் விழுகிறார்.

இந்தக் காட்சியில் புதிதாக எந்த நகர்வும் வரவில்லை என்பதைக் கவனியுங்கள். அதே பந்து, அதே குதி, அதே குத்து. மாறியது ஒருவர் மனதை மற்றவர் படிக்கும் விதம் மட்டுமே. தடுப்பவரைப் பிடித்துத் தூக்கி எறியலாம், பிடிக்க வருபவரை அடித்து நிறுத்தலாம், அடிப்பவரைத் தடுத்து மடக்கலாம். அநேகமாக எல்லா ஃபைட்டிங் கேமுக்கும் அடித்தளம் இந்த மூன்றுதான். குழந்தைகளின் கல்-காகிதம்-கத்தரி விளையாட்டோடு இதை ஒப்பிடுவார்கள். ஒப்பீடு பாதி சரி. கல்-காகிதம்-கத்தரியில் எதைப் போட்டு ஜெயித்தாலும் பலன் ஒன்றே. இங்கே தூரம், மூலை, மிச்ச உயிர், நேரம் எல்லாவற்றையும் பொறுத்து ஒவ்வொரு தேர்வின் விலையும் மாறும். மூலையில் மாட்டியவர் எதற்குப் பயப்படுவார் என்று எதிராளிக்குத் தெரியும். எதிராளிக்கு அது தெரியும் என்பது மூலையில் இருப்பவருக்கும் தெரியும்.

இந்த ஆழத்தை வடிவமைப்பாளர்கள் திட்டமிட்டே கட்டினார்கள் என்று நினைத்துவிட வேண்டாம். இன்று ஃபைட்டிங் கேம் என்றாலே நினைவுக்கு வரும் காம்போ, அதாவது ஓர் அடி விழுந்ததும் தடுக்க இடமே கொடுக்காமல் அடுத்தடுத்த அடிகளைக் கோர்ப்பது, ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2-இல் தற்செயலாக நுழைந்தது. காரை அடித்து நொறுக்கும் போனஸ் கட்டத்தில் பிழை தேடிக்கொண்டிருந்தபோது, ஓர் அடியின் இடுக்கில் இன்னோர் அடியைச் செருக முடிவதைத் தயாரிப்பாளர் நோரிடகா ஃபுனமிசு கவனித்தார். அதற்கு வேண்டிய நேரக்கணக்கு அவ்வளவு நுணுக்கமானது, இதனால் பெரிய பயன் இருக்காது என்று நினைத்து அப்படியே விட்டுவிட்டார்கள். ஆடியவர்கள் அதைத் தோண்டி எடுத்தார்கள். பின்னால் வந்த கேம்களில் பாதி அந்தப் பிழையின் மேல்தான் நிற்கிறது.

நின்டெண்டோவின் ‘சூப்பர் ஸ்மாஷ் பிரதர்ஸ் மெலி’ இதைவிடச் சுவாரஸ்யமான கதை. 2001-இல் கேம்கியூப் கன்சோலுக்காக வந்தது. நாலு பேர் சோபாவில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டே ஆட வேண்டிய பார்ட்டி கேம் அது. காற்றில் விலகும் நகர்வைத் தரையை நோக்கிச் சாய்த்து அழுத்தினால் பாத்திரம் வழுக்கிக்கொண்டு போகும் என்று ஆடியவர்கள் கண்டுபிடித்தார்கள். வேவ்டேஷ் என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். அது வந்த பிறகு சோபா கேம் வேறு ஜாதியாகிவிட்டது. மொத்தம் 26 பாத்திரங்கள், பெரிய போட்டிகளில் தலைகாட்டுவது அதில் ஒரு கைப்பிடி. இணையம் வழியே பேட்ச் என்ற திருத்தம் அனுப்பிச் சமன் செய்யும் வழக்கமெல்லாம் அந்தக் காலத்தில் கிடையாது. ஆனாலும் யார் பலசாலி என்ற வரிசை இருபது வருடமாக மாறிக்கொண்டே வந்திருக்கிறது. உருண்டைப் பந்துபோல் மிதந்துகொண்டிருக்கும் ஜிக்லிபஃப்பை வைத்து ஹங்கிரிபாக்ஸ் என்ற ஆட்டக்காரர், ஃபைட்டிங் கேம்களுக்கான பெரிய ஆண்டுப் போட்டியான ஈவோவை 2016-இல் வென்றார். யோஷியை வைத்துக்கொண்டு பெரிய போட்டி எதையும் வெல்ல முடியாது என்பது வெகுகாலம் பொதுக்கருத்து. யோஷியையே கட்டிக்கொண்டு வருடக்கணக்காக அடி வாங்கிய ஜப்பானிய ஆட்டக்காரர் அம்சா, 2022-இல் ‘தி பிக் ஹவுஸ் 10’ போட்டியை யோஷியாலேயே வென்றார். கேமின் நிரலில் ஒரு வரிகூட மாறவில்லை.

பாத்திரங்களெல்லாம் சமபலத்தில் இருந்தால்தான் கேம் நீடிக்கும் என்று அடிக்கடி சொல்வார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. 2000-இல் வந்த ‘மார்வெல் வெர்சஸ் கேப்காம் 2’-இல் 56 பாத்திரங்கள். உச்சப் போட்டிகளில் திரும்பத் திரும்ப வருவது மேக்னீட்டோ, ஸ்டார்ம், சென்டினல், கேபிள் என்று நாலைந்து முகம்தான். சமநிலை என்று பார்த்தால் அது ஒரு கூத்து. ஆனால் அந்த நாலைந்து பேருக்குள் நடக்கும் சண்டை அத்தனை வேகம், அத்தனை வகை. அதனால் இன்றும் அதற்கு ஆள் இருக்கிறது. வலிமையான பாத்திரத்துக்கு எதிராகவும் ஏதாவது செய்யலாம் என்ற வாசல் திறந்திருந்தால் போதும். அது மூடினால்தான் பிரச்சினை. 1994-இன் ‘சூப்பர் ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2 டர்போ’வில் ஒளிந்திருக்கும் அகுமாவுக்கு எதிராக அந்த வாசலே இல்லை. ஆட்டக்காரர் சமூகமே கூடி அவரைப் போட்டிகளில் தடை செய்துவிட்டு மற்றவர்களோடு ஆட்டத்தைத் தொடர்ந்தது.

தோற்றவருக்கு உண்மையில் எரிச்சல் மூட்டுவது அதிர்ஷ்டம். மெலிக்குப் பின் 2008-இல் வந்த ‘பிரால்’-இல் ஓடத் தொடங்கும்போது பாத்திரம் சில நேரம் தானாகத் தடுக்கி விழும். எப்போது என்று யாருக்கும் தெரியாது. வேடிக்கைக்கு ஆடுபவர்கள் சிரித்திருப்பார்கள். மணிக்கணக்கில் பயிற்சி செய்தவருக்கு அது எப்படி இருக்கும்? அதன் முன்னணிப் போட்டி ஆட்டக்காரர்கள் பலர் சில வருடங்களில் மெலிக்கே திரும்பினார்கள், அல்லது அடுத்த பதிப்புக்குப் போனார்கள்.

பேட்ச் விஷயம் இரண்டு பக்கமும் வெட்டும். சலிப்பு தட்டும்போது புதிய பாத்திரமோ மாற்றமோ வந்தால் கேமுக்கு மறுபடி உயிர் வரும். ஆனால் ஆறு மாதம் பாடுபட்டுக் கற்றதை ஒரே இரவில் செல்லாக்காசாக்கினால் கோபமும் வரும். 2025 ஏப்ரலில் ‘டெக்கன் 8’-இன் இரண்டாம் சீசன் மாற்றங்கள் வந்தபோது அதுதான் நடந்தது. தாக்குபவர் கை ஏற்கெனவே ஓங்கியிருக்கிறது, தடுத்து நின்று யோசிப்பவருக்கு இடமில்லை என்று குறைபட்டுக்கொண்டிருந்தவர்களுக்கு, மாற்றங்கள் அந்தத் திசையிலேயே இன்னும் தள்ளிவிட்டதாகத் தோன்றியது. ஸ்டீம் என்ற கேம் விற்பனைத் தளத்தில் எதிர்மறை விமர்சனங்கள் குவிய, நிறுவனம் அவசரமாகத் திருத்தங்கள் வெளியிட்டது.

இன்னொரு பக்கம், ஆடாதவர்களும் பார்த்து ரசிக்க முடிவது. இந்த வகை கேமுக்கு இயல்பிலேயே ஒரு வரம் உண்டு: மேலே இரண்டு உயிர்க்கோடு, நடுவில் கடிகாரம். யார் முன்னிலை என்று விளக்கவே வேண்டாம். 2004-இல் அமெரிக்காவின் பொமோனாவில் நடந்த ஈவோவில், ‘ஸ்ட்ரீட் ஃபைட்டர் 3: தேர்டு ஸ்ட்ரைக்’ ஆட்டத்தில் டைகோ உமெஹாராவின் கென் பாத்திரத்துக்கு ஒரு மயிரிழை உயிர்தான் மிச்சம். எதிரே ஜஸ்டின் வாங்கின் சுன்-லி. சாதாரணமாகத் தடுத்தாலே தேய்மானத்தில் கென் காலி. ஜஸ்டின் 15 உதைகள் கொண்ட சூப்பர் தாக்குதலை ஏவினார். தேர்டு ஸ்ட்ரைக்கில் ‘பாரி’ என்று ஒரு தற்காப்பு உண்டு. அடி விழும் கணத்தில் எதிரியை நோக்கிக் கட்டுப்பாட்டுக் குச்சியைத் தட்டினால் சேதமே இல்லாமல் அடியைத் தள்ளிவிடலாம். கொஞ்சம் பிசகினால் முழு அடி. டைகோ 15-ஐயும் ஒவ்வொன்றாகத் தட்டினார், கடைசி உதையைக் குதித்தபடி காற்றில். இறங்கும்போதே உதைத்து, காம்போவாகக் கோர்த்து, அந்தச் சுற்றை முடித்தார். கூட்டத்தின் கூச்சல் அந்த வீடியோவில் காது கிழியும்.

அந்த நிமிடத்தில் என்ன நடந்தது என்பது கேமைத் தொடாதவருக்கும் புரியும். ஆடுபவருக்கு அதற்குள் இன்னொரு அடுக்கு தெரியும்: முதல் உதையைப் பார்த்த பிறகு தட்டினால் தாமதம். ஜஸ்டின் பொறுமை இழந்து அந்தச் சூப்பரைத்தான் ஏவுவார் என்று ஊகித்து டைகோ காத்திருந்தார். மறுபடியும் ஆளைப் படிக்கும் அதே கதை. (அந்த ஆண்டுப் பட்டத்தை டைகோ வெல்லவில்லை, இறுதிப் போட்டியில் தோற்றார். இதைச் சொன்னால் பலர் நம்ப மறுக்கிறார்கள்.) 1999-இன் அந்த கேம் இன்றும் ஆடப்படுவதற்கு அந்த வீடியோ செய்த உபகாரம் கொஞ்சநஞ்சமல்ல.

சரி, ஆழம் மட்டும் போதுமா? வாசற்படி மிக உயரமாக இருந்தால் யாரும் ஏறமாட்டார்கள். ‘ஸ்ட்ரீட் ஃபைட்டர் 5’ 2016 பிப்ரவரியில் வந்தபோது போட்டி ஆட்டக்காரர்களை மட்டும் மனதில் வைத்து அவசரமாக இறக்கிவிடப்பட்டது. தனியாக ஆடுபவர் எதிர்பார்க்கும் ஆர்கேட் முறைகூட அதில் இல்லை. மார்ச் முடிவுக்குள் 20 லட்சம் பிரதிகள் என்று கேப்காம் இலக்கு வைத்தது, 14 லட்சத்தில் நின்றது. அப்புறம் பல வருடம் ஒட்டுப்போட்டுத்தான் அதை நிமிர்த்தினார்கள். பாடம் கற்றுக்கொண்டார்கள் என்பது 2023-இன் ‘ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6’-இல் தெரிந்தது. தனியாகச் சுற்றித் திரிய ஒரு முழு நகரம். ‘மாடர்ன்’ என்ற கட்டுப்பாட்டு முறை. குச்சியைக் கால்வட்டம் சுழற்றிப் பொத்தானை அழுத்த வேண்டிய ஹடோகெனை அதில் ஒரே பொத்தானில் வீசலாம், விலையாக அந்த நகர்வின் சேதம் 20 விழுக்காடு குறையும். பழைய ஆட்கள் முணுமுணுத்தார்கள். என் கணக்கில் அது நல்ல பேரம். விரல் வித்தை பழக மாதங்கள் ஆகும். முன்னே சொன்ன மனதைப் படிக்கும் ஆட்டத்துக்குள் புதியவர் முதல் நாளே நுழைந்துவிடுகிறார். அந்த ஆண்டு ஈவோவில் அந்த கேமுக்கு மட்டும் 7,000 பேருக்கு மேல் பதிவு செய்தார்கள்.

எதிராளி எங்கிருந்து வருவார் என்பது அடுத்த கேள்வி. ஆர்கேட்கள் மூடிய பிறகு பதில் இணையம்தான். அங்கே வெகுகாலம் பெரிய ஓட்டை இருந்தது. இந்த கேம்கள் நொடிக்கு 60 ஃப்ரேம், அதாவது 60 படச்சட்டம் ஓடும், ஒரு ஃப்ரேம் சுமார் 16.7 மில்லிசெகண்ட். வேகமான குத்து மூன்று நான்கு ஃப்ரேமிலேயே போய்ச் சேரும். எதிராளியின் கணினிக்குச் செய்தி போக 50 மில்லிசெகண்ட் ஆகிறது என்றால், அதுவே மூன்று ஃப்ரேம். பழைய முறையில் இரண்டு பக்கச் செய்தியும் வந்து சேரும்வரை கேம் காத்திருக்கும். நீங்கள் இப்போது அழுத்திய பொத்தான் கொஞ்சம் கழித்துத்தான் வேலை செய்யும், இணைப்பு ஆடினால் அந்தத் தாமதமும் ஆடும். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்பார்கள். இங்கே கூடம் நிஜமாகவே கோணல். தோற்றவருக்குத் தன் தப்பு எது, இணைப்பின் தப்பு எது என்று பிரித்துப் பார்க்க வழியில்லை. அவர் கற்க ஒன்றுமில்லை, திரும்பி வரவும் காரணமில்லை.

இதற்கு வழி கண்டவர் பெரிய நிறுவனத்துக்காரர் இல்லை. ஈவோவை நடத்தியவர்களில் ஒருவரான டோனி கேனன் 2006-இல் ஜி.ஜி.பி.ஓ. என்ற நிரலை எழுதினார். அதன் யோசனை எளிது: காத்திருக்காதே, ஊகி. எதிராளி போன ஃப்ரேமில் எதை அழுத்திக்கொண்டிருந்தாரோ அதையே இப்போதும் அழுத்துகிறார் என்று வைத்துக்கொண்டு கேம் ஓடுகிறது. எவ்வளவு வேகமான விரலும் ஒவ்வொரு ஃப்ரேமிலும் பொத்தானை மாற்றாது, ஆகவே ஊகம் பெரும்பாலும் சரியாக இருக்கும். தவறினால், சேமித்து வைத்த பழைய நிலைக்குப் போய், உண்மையான அழுத்தத்தை வைத்துக் கண்ணிமைக்கும் நேரத்தில் எல்லாவற்றையும் மறுபடி கணக்கிட்டு இன்றைய கணத்துக்கு வந்துவிடும். எதிராளியின் உருவம் சற்றே துள்ளியதுபோல் தெரியும். உங்கள் பொத்தான் மட்டும் எப்போதும் உடனே வேலை செய்யும். இந்த ரோல்பேக் முறையைப் பெரிய ஜப்பானிய நிறுவனங்கள் பல வருடம் கண்டுகொள்ளவில்லை. 2020-இல் கொள்ளைநோய் நேரடிப் போட்டிகளை மூடியபோது நிலைமை அம்பலமானது. இணையத்தில் நடத்தத் திட்டமிட்ட அந்த ஆண்டு ஈவோ, நல்ல ரோல்பேக் இருந்த காரணத்தால் ‘ஸ்கல்கேர்ல்ஸ்’ போன்ற சின்ன கேம்களை முன்னால் கொண்டுவந்தது. போட்டி வேறு காரணத்தால் நடக்காமல் போனது வேறு விஷயம். அதே ஆண்டு தன்னார்வலர்கள் மெலிக்கு ‘ஸ்லிப்பி’ என்ற நிரல் வழியாக ரோல்பேக் கொடுத்தார்கள். 19 வயதான கேம், தயாரித்தவர்களின் உதவி இல்லாமலே, புதிய கேம்களைவிட நன்றாக இணையத்தில் ஓடியது.

இணையம் வராத இடங்களிலும் சில கேம்கள் வேர்விட்டிருக்கின்றன, அதற்குக் காரணம் பல நேரம் மிகச் சாதாரணமானது. எஸ்.என்.கே. நிறுவனத்தின் நியோ ஜியோ ஆர்கேட் பெட்டியில் கார்ட்ரிட்ஜை மட்டும் மாற்றினால் புதிய கேம். புதிய பெட்டி வாங்க வேண்டியதில்லை. லத்தீன் அமெரிக்காவிலும் சீனாவிலும் ‘கிங் ஆஃப் ஃபைட்டர்ஸ்’ தலைமுறை தாண்டி வாழ்வதில் அந்த மலிவுக்குப் பெரும் பங்குண்டு. பாகிஸ்தானிலும் அந்தத் தொடருக்கு ஆட்கள் உண்டு. லாகூரின் அர்சலான் ஆஷ் அதில் வளர்ந்தவர்தான். அவர் 2019-இல் ஜப்பானிலும் லாஸ் வேகஸிலும் ஈவோவின் ‘டெக்கன் 7’ பட்டங்களை வென்றபோது உலகம் திகைத்தது. தன் ஊரில் இன்னும் பலமான ஆட்கள் இருக்கிறார்கள் என்று அவர் சொன்னார். ‘நீ’ (Knee) என்ற பெயரில் ஆடும் கொரிய ஜாம்பவான் அதைச் சோதிக்கப் பாகிஸ்தானுக்கே போனார். தினமும் பக்கத்தில் உட்கார்ந்து அடிக்கும் எதிரிகள் கிடைத்தால் ஒரு கேம் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு இதைவிட வேறென்ன சொல்ல?

கேம் நன்றாக இருந்தும் ஒப்பந்தக் காகிதத்தில் செத்துப்போவதும் உண்டு. மார்வெல் வெர்சஸ் கேப்காம் 2-இன் இணைய விற்பனை, உரிமம் முடிந்ததால் 2013 கடைசியில் நிறுத்தப்பட்டது. கன்சோல்களுக்கும் கணினிக்கும் மறுபடி விற்பனைக்கு வந்தது 2024-இல். இடைப்பட்ட பத்து வருடமும் பழைய வட்டுகளையும் பழைய கன்சோல்களையும் பத்திரமாக வைத்திருந்தவர்களே அதைக் காப்பாற்றினார்கள்.

வார்னர் பிரதர்ஸின் ‘மல்டிவெர்சஸ்’ இதற்கு நேர்மாறு. பேட்மேனும் பக்ஸ் பன்னியும் மோதும் இலவச கேம். 2022-இல் சோதனைப் பதிப்பாக வந்தபோது கூட்டம் அலைமோதியது. 2023-இல் திரும்பப் பெற்றார்கள், 2024 மே மாதம் மறுபடி வெளியிட்டார்கள், 2025 மே 30-இல் சர்வர்களை அணைத்தார்கள். அணைப்பதற்கு முன் ஒன்று மட்டும் விட்டுவைத்தார்கள். ஏற்கெனவே கேமை நிறுவி உள்நுழைந்திருந்தவர்கள் இணையம் இல்லாமல் தொடர்ந்து ஆடலாம்: கணினியோடு தனியாக, அல்லது நண்பர்களைப் பக்கத்தில் உட்கார வைத்து, ஒரே திரையில்.